மூலை இல்லாத அறை

போன மாதம் நான் ஓர் அறைக்குள் தொலைந்துபோனேன்.

சிரிக்காதீர்கள். காடு, மலை, திருவிழாக் கூட்டம் என்று எங்கேயாவது தொலைந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நான் தொலைந்தது தென்காசிப் பக்கம் மேலகரத்தில், ஒரு பழைய நெல் குடோனுக்குள். வெளியே நின்று பார்த்தால் சின்ன கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால் அளவுதான் இருக்கும். அதற்குள் போய் இடம் வலம் தெரியாமல், ‘யாராவது இருக்கீங்களா?’ என்று கத்திய ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவள்தான்.

ஆனால் இது என் கதை இல்லை. என் அத்தானுடையது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதிக்கோ. ஆனா கூடச் சேத்து எழுதிராத” என்றார்.

சேர்க்க ஒன்றும் இல்லை அத்தான். குறைக்கலாமா என்றுதான் யோசிக்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்கா செண்பகத்தின் கணவர். பெயர் சுடலைமுத்து. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, மேலகரத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் ‘மிலிட்டரி அண்ணாச்சி’ என்றால்தான் தெரியும். நல்ல ஆகிருதி. குரல் தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். ரயில் பயணம், கேன்டீன் சாமான், பஞ்சாப்காரன் சுட்ட சப்பாத்தி என்று மிலிட்டரிக் கதைகளாகக் கொட்டுவார். எல்லாமே சிரிப்புக் கதைகள்.

வருஷா வருஷம் குற்றால சீசனுக்கு நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். இந்த முறை போனபோது தெருமுனையில் ஒரு போஸ்டர். முழுக்க வெள்ளை. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘வெளி: உள்ளே வந்து பாருங்கள்’ என்று மட்டும்.

“என்னக்கா இது? அச்சடிக்க மறந்துட்டாங்களா?”

“அது நம்ம கயல்விழி பண்ணுதது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மக. வடக்க எங்கனயோ போயி சிலை செய்யப் படிச்சா. இப்போ சிலை செய்யாம ரூம்பு செய்யுதாளாம்.”

“ரூம்பு செய்யுதாளா? அதுக்குக் கொத்தனார் இருக்காம்லா!” என்றார் அத்தான்.

இன்ஸ்டலேஷன் ஆர்ட் என்பார்கள். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நாம் எட்ட நின்று பார்ப்பதற்குப் பதிலாக, நாமே படத்துக்குள் நுழைந்துவிடுவது. சென்னையில் ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். செல்ஃபி எடுக்க வசதியாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் மேலகரத்தில், அதுவும் நெல் குடோனில்? விடுவேனா!

மறுநாள் மதியம் மூன்று பேரும் போனோம். வெயிலும் தூறலும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் இருபது, இருபத்தைந்து பேர். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த வெளியூர்க்காரர்கள், கல்லூரிப் பெண்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் கரண்ட் போய், ஒரே கூச்சல். முன் கதவு வழியாகவும் பின் கதவு வழியாகவும் ஆட்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் உறுமியது.

கயல்விழி ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணாடி, கைமுழுக்க வெள்ளைப் பெயின்ட்.

“மேடம், நீங்க எழுதுததெல்லாம் படிப்பேன். ரூம்பு பத்தித் திட்டி எழுதினாலும் பரவால்ல, உள்ள போயிட்டு வந்து எழுதுங்க.”

“உள்ளே என்னம்மா இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல மேடம். அதான் விஷயம்.” கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். “நாம ஒரு இடத்துல நிக்கோம்னு மூளைக்கு எப்படித் தெரியுது? மூலையைப் பாக்கு, நிழலைப் பாக்கு, தரை எங்கன முடிஞ்சு சுவரு எங்கன தொடங்குதுன்னு பாக்கு. அதையெல்லாம் நான் எடுத்துட்டேன். சுவரையும் தரையையும் வளைச்சு ஒண்ணாச் சேத்தாச்சு. மேல இருந்து நீராவி மாதிரி புகை. எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். இடம் எங்க முடியுதுன்னு மூளைக்குத் தெரியாது. அப்போ அதுவா ஒரு இடத்தை உண்டாக்கிக்கிடும்.”

“என்ன இடத்தை?”

“அது ஆளைப் பொறுத்து மேடம்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அக்கா உள்ளே வர மறுத்துவிட்டாள். “செருப்பையும் பையையும் யாரு பாப்பா?” என்று ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். நான், அத்தான், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, நான்கு கல்லூரிப் பெண்கள். செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். மணி அடித்ததும் ஒரு பக்கம் மஞ்சளாக வெளிச்சம் தெரியும், அதைப் பார்த்து நடந்து வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் விதி.

கறுப்புத் திரை. வளைந்து வளைந்து போகும் இருட்டுச் சந்து. இன்னொரு திரை.

அப்புறம், வெள்ளை.

எப்படிச் சொல்வது? மூடுபனியில் நடந்திருப்பீர்கள். அதில் மரம் மங்கலாகத் தெரியும், தரை தெரியும். இங்கே எதுவும் இல்லை. கையை நீட்டினேன். முழங்கை இருந்தது, விரல் இல்லை. கீழே குனிந்தேன். என் கால்கள் இல்லை. மெத்தைபோல ஏதோ ஒன்றின் மேல் நிற்பது மட்டும் தெரிந்தது. ஓரடி வைத்தேன். மேலே ஏறுகிறேன் என்று கால் சொன்னது, கீழே இறங்குகிறேன் என்று வயிறு சொன்னது. எங்கிருந்தோ அருவிச் சத்தம்போல ஒரு முழக்கம். காதில் கேட்கிறதா, நெஞ்சுக்குள் கேட்கிறதா என்று பிரிக்க முடியாத சத்தம்.

“கோமதி! சுண்ணாம்புக் காளவாசலுக்குள்ள விழுந்த மாதிரி இருக்குட்டி!” அத்தானின் குரல் வலது பக்கம். சிரிப்பும் கூடவே.

“அத்தான், எங்கே இருக்கீங்க?”

“இங்கனதான்.” இப்போது இடது பக்கம். நான் திரும்பினேனா, அவர் நகர்ந்தாரா?

கல்லூரிப் பெண்களின் சிரிப்பு தலைக்கு மேலே கேட்டது. மேலே! அந்தப் புது மாப்பிள்ளை, “கையை விடாத, கையை விடாத” என்று சொல்வது ஒரு கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது. நான் சுவரைத் தேடி நடந்தேன். குடோன்தானே? எந்தப் பக்கம் நடந்தாலும் சுவர் வந்தாக வேண்டும் அல்லவா? நடந்தேன்... நடந்தேன். வரவில்லை. மேலகரத்தைத் தாண்டி, தென்காசியைத் தாண்டி, எங்கோ மனித நடமாட்டமே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டதாக உடம்பு சத்தியம் செய்தது.

அப்போது என் பக்கமாக யாரோ கடந்து போனார்கள். தொடவில்லை. காற்று மட்டும் அசைந்தது.

“அத்தான்?”

“யாராவது இருக்கீங்களா?”

இதைத்தான் முதலில் சொன்னேன். கத்திவிட்டேன். வெட்கமாக இருந்தாலும், குரல் வெளியே வந்ததே பெரிய விஷயம்.

மணி அடித்தது. தூரத்தில் வெண்ணெயில் மஞ்சள் தடவியதுபோல ஒரு வெளிச்சம். ஓடாத குறையாக நடந்து வெளியே வந்து விழுந்தேன். கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். ஜோடி வந்தது, கையை விடாமல்.

அத்தான் வரவில்லை.

“எங்கட்டி அவரு?” என்றாள் அக்கா.

“வருவார்க்கா.”

வரவில்லை. கயல்விழி திரையை விலக்கி, “அண்ணாச்சி, மஞ்ச லைட்டு தெரியுதுல்லா? அதைப் பாத்து வாங்க” என்று கூப்பிட்டாள். “நான் போய்க் கூட்டிட்டு வாரேன்” என்று உள்ளே போனாள்.

அவளும் வரவில்லை.

தன் கையால் கட்டிய அறை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் பயத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனேன்.

இந்த முறை சிரிப்புச் சத்தம் ஒன்றும் இல்லை. முழக்கம் மட்டும். செல்போனைக் கையில் வைத்திருந்தேன். டார்ச்சை அடித்தேன். பெரிய தப்பு. வெள்ளை இன்னும் கெட்டியாகி முகத்தில் அப்பியது. அணைத்துவிட்டேன்.

“கயல்!”

“மேடம்... இங்கன.” மெல்லிய குரல். குரலைப் பிடித்துக்கொண்டே போனேன். திடீரென்று ஓரடி தூரத்தில் அவள் முகம் முளைத்தது. அவள் மணிக்கட்டில் அவளுடைய துப்பட்டாவின் ஒரு முனை இறுகக் கட்டியிருந்தது. மறுமுனை வெள்ளைக்குள் போய் மறைந்தது.

அந்த முனையில் அத்தான் இருந்தார். குனிந்து, ஒரு கையால் தரையைத் தடவித் தடவி, மெள்ள நகர்ந்துகொண்டிருந்தார். நான் அறிந்த அத்தான் இல்லை. முகத்தில் சிரிப்பு வந்துபோன அடையாளமே இல்லை.

“அவரு கட்டச் சொன்னாரு மேடம்” என்றாள் கயல் என் காதருகே. “கட்டலைன்னா நானும் போயிருவேனாம்.”

“அத்தான், வாங்க. வெளியே போகலாம். அக்கா பயப்படுறா.”

“யாரும் அசையாதீங்க.” கட்டளை. “இங்கன ஒரு ஆளு கிடக்கான்.”

“எல்லாரும் வெளியே வந்தாச்சு அத்தான். நான் பார்த்தேன்.”

“சத்தம் கேட்டுது. ஆளு கிடக்கான்.”

என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். மூளை தானாக ஓர் இடத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்றாளே? அத்தானின் மூளை எந்த இடத்தை உண்டாக்கிவிட்டது என்று எனக்குப் புரிந்துபோனது. வடக்கே பனிமலையில் அவர் சில வருஷங்கள் இருந்தது தெரியும். அந்தச் சிரிப்புக் கதைகளில் பனி ஒரு தடவைகூட வந்ததில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பாவம், மனிதர் வேறெங்கோ போய்விட்டார். எப்படித் திரும்பக் கூட்டிவரப் போகிறேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அத்தான், இது மேலகரம். நம்ம குடோன். வாங்க.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தெளிவான பார்வை.

“மேலகரம்னு எனக்குத் தெரியாதாட்டி? வாயைப் பொத்திக்கிட்டுக் கேளு. ஏம்மா, அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லு.”

கயல் வெளியே இருந்த ஜெனரேட்டர்க்காரருக்குக் குரல் கொடுத்தாள். முழக்கம் நின்றது. புகை விடும் மெஷினும் நின்றது. விளக்குகள் மட்டும் எரிந்தன.

அந்த அமைதி இருக்கிறதே... என் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம், எங்கோ கீழே, ஒரு முனகல்.

மனித முனகல்.

அத்தான் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாங்கள் பின்னால். வளைந்த சுவர் தரையில் வந்து சேரும் இடத்தில், வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியோடு ஒரு மனிதர் சுருண்டு கிடந்தார். நான் அங்கேயேதான் நடந்திருப்பேன். இன்னும் ஓரடி தள்ளி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

அத்தான் அவரைப் புரட்டிப் போட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கை ஐஸ் மாதிரி. சட்டைப் பையில் சுகர் மாத்திரை அட்டை. “சாப்பிடாம மாத்திரையைப் போட்டிருக்கான். சீனித் தண்ணி, சீக்கிரம்!” அவர் தோப்புக் குரல் திரும்பிவிட்டது. அக்கா சீனியோடு ஓடிவந்ததும், சொட்டுச் சொட்டாகப் புகட்டியதும், கன்னத்தில் தட்டியதும், ஆட்டோவில் தூக்கிப் போட்டதும் எல்லாம் வேகமாக நடந்துவிட்டன. கயல்விழி கதவைப் பூட்டிவிட்டு அழுதுகொண்டே கூட வந்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அருணாசலம் என்று பெயர். பாவூர்சத்திரத்தில் காய்கறி வியாபாரம். குற்றாலத்து ஹோட்டல்களுக்குச் சரக்கு இறக்க வந்தவர், டெம்போ லோடு இறங்கும்வரை என்ன செய்வதென்று இந்த அறைக்குள் நுழைந்திருக்கிறார். எங்களுக்கு முந்தைய கோஷ்டி. கரண்ட் போன குழப்பத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று கயல் நினைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்” என்றார் அத்தானிடம். “கிறுகிறுன்னு வந்துது. உக்காந்தேன். அப்படியே சரிஞ்சிட்டேன். செத்துட்டேம்னே நினைச்சேன். சுத்தி ஒரே வெள்ளையால்லா இருந்துது! நீங்க பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருந்ததுனால பொழைச்சேன்.”

“நான் எங்க உக்காந்தேன்? உங்களைக் கண்டதும் தூக்கிட்டோம்லா.”

“இல்ல அண்ணாச்சி, அதுக்கு முன்னாடி. ரொம்ப நேரம். கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தீங்களே!” அவர் அத்தானின் கையைப் பார்த்தார். கொஞ்சம் குழம்பினார். “நீங்க இல்லையோ? மலையாளத்துக்காரர் மாதிரில்லா பேசுனாரு. ‘உறங்கல்லே... உறங்கல்லேடா’ன்னு. கண்ணு சொருகும்போதெல்லாம் அதையே சொன்னாரு. தூங்காதேன்னு அர்த்தம். எனக்குக் கேரளாவுல யாவாரம் உண்டு, தெரியும்.”

அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பத்திரிகைக்காரப் புத்தி. கயலைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்: “அந்த கோஷ்டியில் கேரளாக்காரங்க யாராவது இருந்தாங்களா?” சீசன் நேரம், குற்றாலத்தில் மலையாளம் கேட்காத இடம் ஏது? யாராவது ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்து பேசியிருக்கலாம் அல்லவா?

“இருந்தாங்க மேடம், ஒரு குடும்பம். ஆனா கரண்ட் போனதும் அவங்கதான் முதல்ல வெளிய வந்தாங்க. சின்னப் பிள்ள பயந்து அழுதுதுன்னு.” கையில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினாள். “நான் அண்ணாச்சியைத் தேடி உள்ள போனப்போ, எனக்கும் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டுது. ஸ்பீக்கர்னு நினைச்சேன். அந்த ஸ்பீக்கர்ல பேச்சே கிடையாது மேடம்.”

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. அத்தான் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில். தூறல் ஓலைக்கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

“சசின்னு ஒருத்தன்” என்று ஆரம்பித்தார், யாரும் கேட்காமலே. “சசிதரன். புனலூர்க்காரன், செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம். நானும் அவனும் ஒரு போஸ்ட்டுலேர்ந்து இன்னொரு போஸ்ட்டுக்குப் போறோம். பாதி வழியில பனிக்காத்து எடுத்துட்டு. வானம் எது தரை எதுன்னு தெரியாது. அப்படியே உக்காந்துட்டோம். உறங்கினா முடிஞ்சுது. உறக்கம்னா உறக்கம் அப்படி வருது. அவன்தான் விடல. ‘உறங்கல்லேடா சுடலை, உறங்கல்லே’ன்னு விடிய விடியச் சொல்லிக்கிட்டே இருந்தான். நானும் ‘உறங்கல, உறங்கல’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளும் இதை முதல் தடவையாகக் கேட்கிறாள்.

“காலையில ஆளுக வந்தாங்க. அவன் கொஞ்சம் தள்ளிக் கிடக்கான். போயிட்டான். டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு, அவன் செத்து ரொம்ப நேரம் ஆச்சுன்னு. ராத்திரி தொடங்கும்போதே போயிருப்பான்னு.”

டீயில் ஆடை படிந்துவிட்டது.

“அப்போ விடியிறவரைக்கும் என்கிட்ட பேசுனது யாரு?”

என்ன சொல்வது? களைத்த மூளை குரல்களை உண்டாக்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். எழுதக்கூடச் செய்திருக்கிறேன். அந்த டீக்கடையில் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

“யார்கிட்ட சொல்ல? பட்டாளத்துல பைத்தியம்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவான். அவன் பொண்டாட்டி ஓமனா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. போய்ப் பாக்கணும்லா? போயி என்னன்னு சொல்ல? ‘உன் புருஷன் செத்தப்புறமும் என்கிட்டப் பேசினாம்மா’ன்னா? தேங்கா யாவாரம்னு சொல்லிட்டு எத்தனை தடவை செங்கோட்டை வரைக்கும் போயிருக்கேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துருவேன்.”

அக்கா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நாளைக்குப் போவோம்” என்றாள். “நானும் வாரேன். இப்போ உங்களுக்கு மட்டுமா கேட்டுச்சு? அந்த அண்ணாச்சிக்கும் கேட்டுச்சில்லா.”

மறுநாள் காலை செங்கோட்டையில் ரயில் ஏறினோம். என் சென்னை டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டேன். மலை ஏறிக் குகைக்குள் ரயில் நுழைந்தபோதெல்லாம் அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவருடைய இன்னொரு கையை.

விலாசம் அவருக்கு மனப்பாடம். புனலூருக்கு வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டுவீடு. கொடியில் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த தலை. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். அத்தானை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“சுடலை?” என்றார்.

அத்தான் கைகூப்பினார்.

“கத்துல எழுதும். போட்டோவும் அயச்சிருந்நு. நிங்கள் தடிச்சு போயி” என்று கொஞ்சம் சிரித்தார். சசி எழுதிய கடிதங்களில் அத்தான் இருந்திருக்கிறார். அனுப்பிய போட்டோவில் இருந்திருக்கிறார். இப்போது குண்டாகிவிட்டார், அவ்வளவுதான். அவர் வருவார் என்று இந்தப் பெண்மணி இத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ என்னவோ, அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை.

வராந்தாவில் உட்கார்ந்து அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். பாதி தமிழ், பாதி பட்டாளத்து மலையாளம். பனிக்காற்று. இரவு. டாக்டர் சொன்னது. அதற்குப் பிறகும் கேட்ட குரல். அப்புறம் மேலகரத்து வெள்ளை அறை, அருணாசலம், அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த யாரோ. எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, ஓமனா சேச்சி எங்கே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாரோ என்று எனக்கு உதறலாக இருந்தது. பைத்தியக்காரத்தனமான கதையல்லவா? கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் இத்தனை வருஷம் கழித்து வந்து சொல்லுகிற கதையா இது?

அவர் அழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அத்தான் பக்கம் திரும்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவிடெ... தணுப்புண்டோ?”

அங்கே குளிராக இருக்கிறதா என்று. அந்த அறையில்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார். “குளிரே கிடையாது. நல்ல சாரல். அவ்வளவுதான்.”

உண்மையில், அந்த அறைக்குள் எனக்குப் பல் தந்தியடித்தது. அதை இங்கேதான் சொல்கிறேன், அங்கே சொல்லவில்லை.